நன்னீர்ச் சூழலியலில் ஆராய்ச்சி செய்ய ஆசையா? உங்கள் ஊர்க் குளத்திலிருந்து தொடங்குங்கள்

பி.எஸ்சி. விலங்கியலோ தாவரவியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ முடித்துவிட்டு, "எனக்கு ஆறு, குளம், மீன் இதிலதான் ஆர்வம், ஆனா மேல படிக்க எங்க போறது, யாரைக் கேக்கிறது?" என்று வந்து நிற்கிற பிள்ளைகள் நிறையப் பேர். கேட்டவுடன் எல்லாரும் நிறுவனங்களின் பட்டியலை நீட்டுகிறார்கள். பட்டியல் வேண்டும்தான், நானும் கீழே தருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் மூன்று விஷயம் கையில் இருக்க வேண்டும்: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நீர்நிலை, நீங்கள் பெயர் சொல்லி அடையாளம் காணக்கூடிய ஓர் உயிரினக் கூட்டம், உங்கள் கேள்வியோடு ஒத்துப்போகிற ஒரு நெறியாளர். இந்த மூன்றும் இருந்தால் எந்த ஊர் நிறுவனமாக இருந்தாலும் வேலை நடக்கும். மூன்றும் இல்லாமல் பெரிய பெயருள்ள இடத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் திண்டாடியவர்களை எனக்குத் தெரியும்.

இது என்ன படிப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீன்வளப் படிப்போடும் தண்ணீர்ப் பரிசோதனையோடும் இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். மீன்வளப் படிப்பு மீன் உற்பத்தியைப் பெருக்குவதைப் பார்க்கும், தண்ணீர்ப் பரிசோதனை இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா வேண்டாமா என்று பார்க்கும். நன்னீர்ச் சூழலியல் ஆறு, ஓடை, ஏரி, கண்மாய், சதுப்பு, ஊற்று, கிணறு இவற்றில் எந்த உயிர் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, எதை மாற்றினால் அது இல்லாமல் போகும் என்று கேட்கும். பூமியின் பரப்பில் 1 சதவீதத்துக்கும் குறைவான இடத்தில்தான் இந்த நீர் கிடக்கிறது, ஆனால் உலகத்து மீன் இனங்களில் ஏறக்குறைய பாதி அதற்குள்தான் வாழ்கின்றன. இன்னும் பெயரே வைக்காதவை எவ்வளவோ. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு ஒரு நெல்வயலில் நிலத்தடி நீரிலிருந்து வெளியே வந்து கிடைத்த விலாங்கு போன்ற மீன், அதுவரை யாருக்கும் தெரியாத விரால் வகையறா என்று 2019-இல் வெளியானது. ஒரு கிணற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதே நமக்கு இன்னும் முழுசாகத் தெரியாது.

முதல் வேலை: ஒரு நீர்நிலையை ஒரு வருஷம் பாருங்கள்

எங்கும் விண்ணப்பிக்கிறதுக்கு முன்னால் இதைத் தொடங்கிவிடுங்கள். வீட்டிலிருந்து பைக்கிலோ பஸ்ஸிலோ அரை மணி நேரத்தில் போகிற ஒரு குளம் அல்லது ஓடை போதும். அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை, சாக்கடை கலக்கிற ஏரியாக இருந்தாலும் சரி, அதிலும் நல்ல கேள்வி இருக்கிறது. மாதம் ஒரு முறை, அதே இடத்தில், அதே நேரத்தில் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நேரம் ஏன் முக்கியம் என்றால், பாசி நிறைந்த குளத்தில் விடியற்காலையில் கரைந்த ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும், மத்தியானம் மூன்று மணிக்கு அதே தண்ணீரில் உச்சத்தில் இருக்கும். ஒரு மாதம் காலையிலும் அடுத்த மாதம் சாயங்காலமும் போய் அளந்துவிட்டு "பருவத்துக்குப் பருவம் மாறுகிறது" என்று எழுதினால், அது பருவத்தின் மாற்றம் இல்லை, உங்கள் பஸ் வந்த நேரத்தின் மாற்றம்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வெப்பமானி, பிஎச் பார்க்கிற தாள் அல்லது சின்ன மீட்டர், ஒரு நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், நனைந்தால் எழுத்து கரைந்துவிடும். செக்கி தட்டை நீங்களே செய்துகொள்ளலாம்: 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தகடு, அதை நான்கு கால்வட்டமாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசுங்கள், நடுவில் துளையிட்டு 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு, அடியில் கொஞ்சம் பாரம். தண்ணீரில் இறக்கி, கண்ணுக்கு மறைகிற ஆழத்தையும் மேலே இழுக்கும்போது திரும்பத் தெரிகிற ஆழத்தையும் குறித்து இரண்டுக்கும் சராசரி எடுங்கள். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதற்கு இதுவே கணக்கு.

கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு வாங்க முடிந்தால் விங்க்ளர் முறையில் கரைந்த ஆக்ஸிஜன் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இன்று மீட்டரை நீரில் விட்டால் எண் வந்துவிடுகிறது, ஆனாலும் இதைக் கையால் ஒரு தரமாவது செய்தவருக்குத்தான் அந்த எண்ணின் அர்த்தம் புரியும். கண்ணாடிப் புட்டியில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டு மூடிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினால் பழுப்பு நிறத்தில் மேகம் போல ஒரு வீழ்படிவு இறங்கும். ஆக்ஸிஜன் இல்லாத தண்ணீராக இருந்தால் அது வெள்ளையாகவே நிற்கும், அந்த வெள்ளையை முதன்முதலில் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும், ஏனென்றால் அந்த இடத்தில் மீன் மூச்சுவிட எதுவுமில்லை என்று அர்த்தம். அப்புறம் கந்தக அமிலம் விட்டால் வீழ்படிவு கரைந்து கட்டன்சாயா நிறம் வரும். அதில் 200 மில்லி எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஸ்டார்ச் சேர்த்தால் நீலமாகும், அந்த நீலம் சட்டென்று மறைகிற சொட்டில் நிறுத்திவிட வேண்டும். செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்ஸிஜன். மீதமாகிற கழிவை ஆற்றில் கொட்டாதீர்கள், ஒரு கேனில் சேர்த்து ஆய்வகத்துக்கே கொண்டுபோங்கள்.

இப்படி 12 மாதம் எடுத்த ஒரு நோட்டு உங்கள் மதிப்பெண் சான்றிதழை விடப் பேசும். நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பெரும்பாலும் வருஷக்கணக்காகத் தண்ணீரில் நின்றவர்கள், அவர்களுக்கு அந்த நோட்டின் மதிப்பு பார்த்த உடனே தெரியும்.

இரண்டாவது: ஒரு கூட்டத்தைப் பெயர் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்

மீன், தட்டான், நத்தை, தவளை, நீர்த்தாவரம், விலங்கு மிதவை உயிரிகள், டயாட்டம் என்கிற சிலிக்கா ஓட்டுப் பாசி, நீர்ப்பூச்சி... ஏதாவது ஒன்று. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவரை விட ஒன்றை நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் தேவை அதிகம், வகைப்பாடு தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

எனக்கு வாய்த்தது நீர்ப்பூச்சி. எம்.எஸ்சி. படிக்கும்போது அம்பாசமுத்திரத்துக்கு மேலே தாமிரபரணியில், முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு கல்லைத் தூக்கித் திருப்பினேன். அடிப்பக்கம் தட்டையாக, கல்லின் நிறத்திலேயே, நகத்தளவுகூட இல்லாத ஒன்று நகர்ந்தது. வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு அதில் போட்டால்தான் உருவம் தெரிந்தது: பின்னால் மூன்று வால், வயிற்றின் இருபுறமும் இலை இலையாகச் செவுள்கள், அவை விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. மே ஈயின் இளம்புழு. பக்கத்துக் கல்லில் இரண்டு வாலோடு கல் ஈயின் புழு, இன்னொரு கல்லில் மணல்துகள்களை ஒட்டிக் கட்டிய குழாய்க்குள் காடிஸ் புழு. இந்த மூன்றும் சேர்ந்து இருக்கிற இடம் பெரும்பாலும் நல்ல ஆக்ஸிஜன் ஓடுகிற இடம். கொஞ்சம் கீழே, ஊர்ச் சாக்கடை சேருகிற துறையில் அதே மாதிரி அலசினால் மே ஈ ஒன்றிரண்டு, மற்றதெல்லாம் சேற்றில் நெளிகிற சிவப்பு இரத்தப்புழுக்கள், நம் இரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் போல அவற்றின் உடலிலும் இருப்பதால் ஆக்ஸிஜன் குறைந்த இடத்திலும் தாக்குப்பிடிக்கும். ஒரே ஆறு, சில கிலோமீட்டர் தூரம், இரண்டு தட்டு. அன்றைக்கு முடிவானதுதான் என் வேலை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த முதல் வருஷத்துச் சாம்பிள்களில் பாதியை நான் இழந்தேன். பூச்சிகளை எடுத்து 70 சதவீத எத்தனாலில் போட்டு மூடி வைத்துவிட்டேன், அவற்றின் உடம்பில் இருக்கிற நீரும் கூடவே வந்த ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து சாராயம் நீர்த்துப்போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துத் திறந்தால் கால்களும் செவுள்களும் உதிர்ந்து கஞ்சியாகக் கிடந்தன. ஆகவே முதல் நாள் ராத்திரியே எத்தனாலை ஒரு முறை மாற்றிவிடுங்கள். டிஎன்ஏ எடுக்கிற எண்ணம் இருந்தால் ஆரம்பத்திலிருந்தே 95 சதவீதத்தில் போடுங்கள். லேபிளைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்கு உள்ளே போடுங்கள், வெளியே ஒட்டினால் எத்தனால் பட்டு அழிந்துவிடும்.

அடையாளம் காண எங்கே கற்பது? சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, கோயம்புத்தூரில் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் உலர்தாவரத் தொகுப்பும் இருக்கின்றன, மதுரை அமெரிக்கன் கல்லூரி நீர்ப்பூச்சி ஆய்வுக்குப் பேர் போன இடம். கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போய் இரண்டு வாரம் உட்கார்ந்து பாருங்கள். மீன் என்றால் முதல் வாத்தியார்கள் வலை போடுகிறவர்கள்தான். விரால், கெளுத்தி, அயிரை, உளுவை, கெண்டையில் எத்தனை வகை என்று அவர்கள் சொல்கிற பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் பெயர் மாறும், அந்த மாற்றமே ஒரு தரவு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்கள் ஜனவரியில் நடக்கிற தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அமைப்பான ஏட்ரீயின் மணிமுத்தாறு மையம் அதை நடத்துகிறது, முன் அனுபவம் கேட்பதில்லை, அங்கே அறிமுகமாகிற ஆட்கள் பின்னால் ரொம்ப உதவுவார்கள்.

எம்.எஸ்சி. எங்கே படிக்கலாம்

டேராடூனில் உள்ள இந்திய வனஉயிர் நிறுவனம் வனஉயிரியல் எம்.எஸ்சி.யோடு நன்னீர்ச் சூழலியல் பாதுகாப்புக்கென்றே தனி எம்.எஸ்சி.யும் தொடங்கியது, இந்தத் துறைக்கு நேராகப் பொருந்துகிற படிப்பு அதுதான். சேர்க்கை எந்த வருஷம் நடக்கிறது என்பதை அவர்கள் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் என்சிபிஎஸ் என்கிற தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் வனஉயிரியல் எம்.எஸ்சி. இருக்கிறது, இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் சூழலியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆழ்வார்குறிச்சி மையம் மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஆற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அந்த இடமே ஒரு ஆய்வகம் மாதிரி. மீன் பக்கம் போகிறவர்களுக்குக் கொச்சியில் உள்ள கேரள மீன்வளப் பல்கலைக்கழகம், மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம், பி.எஃப்.எஸ்சி. என்கிற மீன்வளப் பட்டம் முடித்தவர்களுக்கு நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நம் மீன்வளப் பல்கலைக்கழகம்.

இவை எதுவும் கிடைக்காமல் பக்கத்து ஊர்க் கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தாலும் ஒன்றும் குறைந்துபோகாது. கடைசிப் பருவத்து ப்ராஜெக்டை மட்டும் களத்தில் செய்வேன் என்று பிடிவாதமாக நில்லுங்கள். "நாலு சாம்பிள் எடுத்து டிடிஎஸ் பார்த்து எழுதிடுப்பா" என்பார்கள், டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு. ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கூடவே ஆர் என்கிற புள்ளியியல் மென்பொருளையும் க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளையும் பழகிவிடுங்கள். இரண்டும் இலவசம்.

தேர்வுகள்

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் உயிர் அறிவியல் எழுதலாம், அல்லது யுஜிசி நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் எழுதலாம், இரண்டும் வழக்கமாக வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். உயிர் அறிவியல் தாளைக் கண்டு பயப்படாதீர்கள். மூன்றாம் பகுதியில் 75 கேள்வியில் 25-க்கு விடை எழுதினால் போதும், அதனால் சூழலியல், பரிணாமம், பயன்பாட்டு உயிரியல், ஆய்வு முறைகள் இவற்றை ஆழமாகப் படித்தவருக்கு மூலக்கூறு உயிரியலில் எல்லாம் தெரியவில்லையே என்ற கவலை அவ்வளவு வேண்டியதில்லை. ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து எஸ்ஆர்எஃப் என்கிற முதுநிலை ஆனதும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஜேஆர்எஃப் வராமல் போனாலும் 2024-இலிருந்து யுஜிசி நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி.யில் சேர வழி வந்திருக்கிறது, அதில் 70 சதவீதம் தேர்வு மதிப்பெண், 30 சதவீதம் நேர்காணல், மதிப்பெண் ஒரு வருஷத்துக்குச் செல்லும். கேட் தேர்விலும் சூழலியலும் பரிணாமமும் என்று தனித் தாள் இருக்கிறது. பலர் கேட் என்றாலே பொறியியல் என்று நினைத்து இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நாலு வருஷப் பட்டப்படிப்பு படித்தவர்கள் 75 சதவீதம் இருந்தால் எம்.எஸ்சி. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று யுஜிசியின் 2022 விதி சொல்கிறது. சட்டப்படி முடியும். ஆனால் களத்தில் ஒரு பருவமாவது முழுசாக நிற்காமல் நேராகப் போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நெறியாளரைத் தேடுவது

இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது தலைகீழ் வழி. உங்கள் கூட்டத்தைப் பற்றி, உங்கள் நீர்நிலையைப் போன்ற இடத்தில், கடந்த ஐந்து வருஷத்தில் யார் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்று கூகுள் ஸ்காலரில் தேடி எட்டுப் பத்துப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொருவரின் இரண்டு கட்டுரையையாவது முழுசாகப் படியுங்கள். அப்புறம் இடம் காலி இருக்கிறதா என்று விசாரியுங்கள்: யுஜிசி விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்க முடியும். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் இடம் இல்லாவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பட்டியலில் விட்டுவிடக் கூடாத இடங்கள்: பெங்களூரில் ஏட்ரீ, இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், கோவை ஆனைகட்டியில் சாகான் என்கிற பறவையியல் மையம், இப்போது இந்திய வனஉயிர் நிறுவனத்தோடு இணைந்திருக்கிறது, கொல்கத்தாவுக்குப் பக்கம் பாரக்பூரில் 1947-இல் தொடங்கிய மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம், இலங்கையில் இருப்பவர்களுக்கு, குளத்து மீன் சூழலியலில் பல காலமாக வேலை நடக்கிற களனிப் பல்கலைக்கழகம்.

மின்னஞ்சல் எழுதும்போது "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் மேலான ஆய்வுகளைக் கண்டு வியந்தேன்" என்று தொடங்கினால் அது அங்கேயே நின்றுவிடும், ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். இப்படி எழுதுங்கள், மொழி ஆங்கிலமாக இருந்தாலும் சாரம் இதுதான்: "வணக்கம் ஐயா. நான் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கண்மாயில் 14 மாதமாக மாதம் ஒரு முறை தட்டான் இளம்புழுக்களை எடுத்து வருகிறேன், பேரின அளவில் அடையாளம் காணத் தெரியும். மீன்பாசி (மீன் பிடிக்கிற உரிமை) ஏலம் விட்ட வருஷத்திலும் விடாத வருஷத்திலும் எண்ணிக்கை வேறாக இருக்கிறது என்று தோன்றுகிறது, உங்கள் கட்டுரையில் மீன் விட்ட குளங்களைப் பற்றி எழுதியதோடு இது பொருந்துமா என்று தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த சேர்க்கையில் உங்களிடம் இடம் இருக்கிறதா? என் தரவுத்தாளை இணைத்திருக்கிறேன்." அவ்வளவுதான், பத்து வரிக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவுபடுத்துங்கள். அதற்கும் வராவிட்டால் அடுத்தவர்.

பதில் வந்து நேரில் போகும்போது, நெறியாளரைப் பார்ப்பதற்கு முன்னோ பின்னோ அவருடைய மாணவர்களோடு ஒரு டீ குடியுங்கள். கடைசியாகக் களத்துக்கு எப்போது போனீர்கள், செலவை யார் தருகிறார்கள், கட்டுரையில் பெயர் எந்த வரிசையில் வருகிறது, முடித்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் இதையெல்லாம் கேட்கவில்லை. வண்டி வாடகை என் கையிலிருந்து, ரசாயனம் என் கையிலிருந்து, கட்டுரையைக் கொடுத்தால் எட்டு மாதம் மேஜையிலேயே கிடக்கும், இதில் எனக்கு ஒன்றரை வருஷம் போனது. அங்கிருந்த மூத்த மாணவரிடம் ஒரே ஒரு மணி நேரம் பேசியிருந்தால் அத்தனையும் தெரிந்திருக்கும்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"தாமிரபரணியின் பல்லுயிர் வளம்" என்று ஒரு முன்மொழிவு எழுதினால் யாராலும் அதை முடிக்க முடியாது. ஆறு பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை சுமார் 128 கிலோமீட்டர் போகிறது, கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அதிலேயே கேள்வி உட்கார்ந்திருக்கிறது: ஒவ்வொரு அணைக்கட்டுக்கும் மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது, கீழே கல்லும் மணலுமாக ஓடுகிறது, கோடையில் ஓட்டம் குறைகிறபோது இந்த இரண்டு பக்கத்துப் பூச்சிகளும் எப்படி வேறுபடுகின்றன? கார், பிசானம் என்கிற இரண்டு நெல் பருவங்களுக்கும் தண்ணீர் திறக்கும்போது அந்த வேறுபாடு குறைகிறதா கூடுகிறதா? இதை மூன்று வருஷத்தில் செய்யலாம், செலவு கணக்குப் போடலாம், தவறென்று நிரூபிக்கவும் முடியும்.

நல்ல கேள்வி எவ்வளவு எளிதாக இருக்கலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கனடாவில் ஒண்டாரியோவின் சோதனை ஏரிகள். ஏரியைப் பாழாக்குகிற பாசிப் பெருக்கத்துக்குக் காரணம் எது என்று வாதம் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1973-இல் டேவிட் ஷின்ட்லரும் கூட இருந்தவர்களும் 226-ஆம் எண் ஏரியின் இடுப்பில் ஒரு திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும், மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பச்சையாகிவிட்டது. விமானத்திலிருந்து எடுத்த அந்தப் படம், சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கிற சட்டங்களுக்கு வலுச் சேர்த்தது. நமக்கு ஏரியைப் பிரிக்க முடியாது, ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கண்மாய்கள் இருக்கின்றன, ஒன்றில் ஜிலேபிக் கெண்டை இருக்கும், ஒன்றில் இருக்காது, ஒன்றை ஆகாயத்தாமரை மூடியிருக்கும். தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் என்று சுமார் 39,000 இருக்கின்றன, உலகளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 20 இடங்கள் இருக்கின்றன, இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு ராம்சர் இடங்கள் இல்லை.

ப்ராஜெக்ட் வேலையும் பணமும்

பிஎச்.டி. உடனே கிடைக்காவிட்டால் சும்மா வீட்டில் இருந்து நெட்டுக்கு மட்டும் படிக்காதீர்கள். நிறுவனங்கள் ப்ராஜெக்ட் அசோசியேட், களப்பணியாளர் என்று குறுகிய கால வேலைக்கு விளம்பரம் போட்டுக்கொண்டே இருக்கும், அவர்கள் இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பகுதியை வாரம் ஒரு முறை பாருங்கள், பல இடங்களில் நேரில் வரச் சொல்லி அன்றைக்கே எடுத்துக்கொள்வார்கள். சம்பளம் பெரிதாக இருக்காது. ஒரு வருஷம் படகிலும் வலையிலும் கழித்தவருக்கு அப்புறம் நெறியாளர் கிடைப்பது எளிது. படித்துக்கொண்டிருப்பவர்கள் இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆராய்ச்சி உதவிக்கு விண்ணப்பியுங்கள், இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் இருக்கலாம்.

நெட் இல்லாதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. ஒற்றைப் பெண்பிள்ளைகளுக்கான சாவித்திரிபாய் பூலே உதவித்தொகைக்கு ஜேஆர்எஃப் கேட்பதில்லை. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை, முழுநேரமாக ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மாநில அரசு தருகிற ஊக்கத்தொகை இரண்டையும் பல்கலைக்கழக அலுவலகத்தில் தவறாமல் விசாரியுங்கள், தகுதியிருந்தும் தெரியாமலே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். களச் செலவுக்கு ரஃபோர்டு சிறுநிதி மாதிரி அமைப்புகள் புதியவர்களுக்கே பணம் தருகின்றன, விண்ணப்பம் எழுதிப் பழகுவதற்கும் அது நல்ல பயிற்சி.

வெளிநாடு

அமெரிக்காவில் பிஎச்.டி. என்றால் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் பேராசிரியர்களுக்கு எழுத வேண்டும், விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் மூடும். நீங்கள் ஆய்வு உதவியாளராகவோ வகுப்பு உதவியாளராகவோ இருந்து, கல்விக் கட்டணம் கட்டாமல் சம்பளம் வாங்கிப் படிப்பதுதான் அங்கே வழக்கம். சொந்தப் பணம் கட்டிப் பிஎச்.டி. படிக்கச் சொன்னால் யோசியுங்கள். மெண்டோட்டா ஏரிக்கரையில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஏரியியல் மையம் இந்தத் துறையின் பழைய வீடு. ஜெர்மனியில் பிஎச்.டி. ஒரு வேலை போல விளம்பரமாகும், பெர்லினில் நன்னீர்ச் சூழலியலுக்கென்றே லைப்னிட்ஸ் நிறுவனம் ஒன்று இருக்கிறது, சுவிட்சர்லாந்தில் ஈவாக் என்கிற நீர் ஆராய்ச்சி நிறுவனம். எம்.எஸ்சி. என்றால் ஆஸ்திரியா, நெதர்லாந்து, கென்யா மூன்று நாட்டிலும் படிக்கிற ஏரியியல், ஈரநிலப் படிப்பைப் பாருங்கள், வெப்பமண்டல நீர்நிலைகள் அதில் இருப்பதால் நமக்குப் பொருந்தும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டமும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இருக்கின்றன.

அனுமதி வாங்காமல் வலையை எடுக்காதீர்கள்

சரணாலயம், காப்புக்காடு என்றால் வனத்துறையிடம், அதுவும் தலைமை வனஉயிரினக் காப்பாளர் வழியாக எழுத்தில் அனுமதி வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், முன்மொழிவு ஏற்றுக்கொள்ளப்பட்ட மறுநாளே விண்ணப்பியுங்கள். கண்மாய் என்றால் நீர்வளத் துறையா ஊராட்சியா என்று பார்த்துக் கடிதம் கொடுங்கள், அதோடு மீன்பாசி ஏலம் எடுத்தவரை நேரில் போய்ப் பாருங்கள். காகிதத்தில் எத்தனை கையெழுத்து இருந்தாலும், அவர் காசு கொடுத்துக் குஞ்சு விட்ட குளத்தில் கேட்காமல் வலை வீசினால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும், அது நியாயமும்கூட. என்ன எடுக்கிறோம், எவ்வளவு எடுக்கிறோம், எதற்கு என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் அவரே பரிசலும் ஆளும் தருவார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காக இங்கே சேகரித்தாலும், இங்கே எடுத்ததை அங்கே அனுப்பினாலும் பல்லுயிர்ச் சட்டத்தின் விதிகள் வரும், அதற்கான தேசிய ஆணையம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தண்ணீரில் இறங்குவது. தனியாகப் போகாதீர்கள், நீச்சல் தெரிந்தாலும். அணைக்குக் கீழே வேலை என்றால் அன்றைக்குத் தண்ணீர் திறக்கிறார்களா என்று அணை அலுவலகத்தில் காலையிலேயே கேளுங்கள், மேலே மலையில் மேகம் கட்டினால் இங்கே வெயில் அடித்தாலும் கரையேறிவிடுங்கள். காலில் புண் இருந்தால் வயல் வாய்க்காலிலும் தேங்கிய நீரிலும் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும், களத்துக்குப் போய்வந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் தண்ணீரில் நின்றதைச் சொல்லுங்கள், சொன்னால்தான் அவர் அதைச் சந்தேகிப்பார். பெண்பிள்ளைகள் களத்துக்குப் போகும்போது தங்குமிடம், கழிப்பறை, திரும்பி வரும் வண்டி மூன்றையும் நெறியாளர் ஏற்பாடு செய்யத்தான் வேண்டும், அதைக் கேட்கத் தயங்காதீர்கள். போகிற இடத்தையும் திரும்புகிற நேரத்தையும் ஒரு தாளில் எழுதி ஆய்வகத்தில் யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், அந்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணும் அதே தாளில் இருக்கட்டும்.